1,46,000 டாலர் தவணை, 18,300 டாலருக்குப் போச்சு!

அமெரிக்காவில் பால்டிமோர் நகரம். பழைய வாடகை வீடுகளின் சுவரில் ஈயம் கலந்த பெயிண்ட். உதிர்ந்த தூள் குழந்தைகளின் வயிற்றுக்குள் போய் மூளையைப் பாதித்தது. வழக்கில் நஷ்டஈடு கிடைத்தது. மொத்தமாகக் கொடுத்தால் கரைந்துவிடும் என்று பல வருடங்களுக்குத் தவணையாக ஏற்பாடு.

இந்தத் தவணைக்குத்தான் சில கம்பெனிகள் வலை வீசின. மாசாமாசம் எதுக்குக் காத்திருக்கணும், மொத்தமா ரொக்கம் தர்றோம் என்றார்கள்!

2015-ல் போலீஸ் காவலில் காயமடைந்து இறந்தாரே பிரெடி கிரே, அவரும் இப்படி விற்றவர்தான். எழுதிக் கொடுத்தது 1,46,000 டாலர் தவணை. அன்றைய மதிப்பே சுமார் 94,000. கைக்கு வந்ததோ சுமார் 18,300! அதே ஆண்டு 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது.

கோர்ட் இல்லையா? இருக்கிறது. நீதிபதி அனுமதி இல்லாமல் வாங்கினால், கம்பெனி அடித்த தள்ளுபடியில் 40 சதவீதம் வரி என்று 2002-லேயே சட்டம் வந்துவிட்டது. விற்பவருக்கு இது நன்மையா என்று நீதிபதி பார்க்க வேண்டும். ஆனால் விற்றவர்களுக்கு யோசனை சொன்ன வக்கீலுக்குக் கம்பெனியே காசு கொடுத்தது என்று 2016-ல் மத்திய அரசின் நுகர்வோர் நிதி அமைப்பு வழக்குப் போட்டது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

விற்றே தீரணும் என்ற நிலை வந்தவர் வக்கீலைத் தானே பிடிக்க வேண்டும். வட்டிக் கணக்கையும் கைக்கு வரும் தொகையையும் எழுத்தில் தருகிற கம்பெனியோடு பேசலாம். இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்கிறேன் என்றால் அது முகம் சுளிக்காது. முன்பணத்தை நீட்டி, இன்னைக்கே கையெழுத்துப் போடு என்கிறவனிடம் பேச்சே வேண்டாம். முழுசா விற்கணும் என்ற கட்டாயமும் இல்லை. நாலைந்து வருடத் தவணையை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம்.