போலித்தோற்றமும் பின்பற்றுதலும்

பாலக்காடு மாவட்டத்தின் வாளையாறு, நெல்லியாம்பதி, பறம்பிக்குளம் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தின் மறையூர், சின்னாறு பகுதிகளிலும் கறுப்பு நிற வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றைக் காணலாம். அவற்றுள் பின்னிறக்கையில் வெண்திட்டும் செம்புள்ளிகளும் உடைய இருவகைப் பூச்சிகள் பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்று பறவைகளுக்கு ஒவ்வாதது. மற்றொன்று அவை உண்ணத்தக்கது. உண்ணத்தக்க பிராணி ஒன்று ஒவ்வாத பிராணியின் உருவைப் பெற்றிருப்பதைப் போலித்தோற்றம் என்பர்.

ஒவ்வாத பூச்சிக்குக் ‘காமன் ரோஸ்’ என்று பெயர். இதன் புழு ஈசுவரமூலிக் கொடியின் இலைகளைத் தின்று வளரும். அவ்விலைகளிலுள்ள நச்சுப்பொருள் புழுவின் உடலில் சேர்ந்து, அது வண்ணத்துப்பூச்சியான பின்னரும் நிலைத்திருக்கும். இதனை ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அதன் நிறத்தை நினைவில் கொண்டு மறுமுறை விலகிச் செல்லும். மற்றொரு பூச்சி ‘காமன் மார்மன்’ இனத்தின் பெண். இதன் புழு எலுமிச்சை, கறிவேப்பிலை ஆகியவற்றின் இலைகளைத் தின்பதால் அதனிடம் அந்நஞ்சு இல்லை.

காமன் மார்மன் பெண்களில் மூன்று உருவங்கள் உண்டு. ஒன்று ஆணைப் போன்றது. மற்றொன்று காமன் ரோஸைப் போன்றது. மூன்றாவது, அதே வகைக் கொடிகளில் வளரும் ‘கிரிம்சன் ரோஸ்’ என்னும் பூச்சியைப் போன்றது. இவை யாவும் ஒரே இனமே என்பதை ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1865இல் எடுத்துக்காட்டினார்.

இவ்வொற்றுமை பூச்சி எண்ணிச் செய்வதன்று. அமேசான் காடுகளில் ஆராய்ந்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862இல் இதற்கு விளக்கம் கூறினார். பிறவியிலேயே ஒவ்வாத பூச்சியைச் சற்று ஒத்திருப்பவை பறவைகளிடமிருந்து தப்பி மிகுதியாக முட்டையிடுகின்றன. அவற்றின் சாயல் தலைமுறைதோறும் பெருகித் திருந்துகிறது. காமன் மார்மன் பெண்ணின் இறக்கைக் கோலத்தை ‘டபிள்செக்ஸ்’ என்னும் ஒரே ஜீன் நிர்ணயிக்கிறது என்பதைக் கிருஷ்ணமேக் குண்டே முதலிய விஞ்ஞானிகள் 2014இல் வெளியிட்டனர். பூச்சிகளில் ஆண், பெண் வேறுபாட்டை உருவாக்குவதிலும் இந்த ஜீனுக்குப் பங்கு உண்டு.

களப்பணியாளர் இவற்றை உடல் நிறத்தால் பிரித்தறியலாம். இரு ரோஸ் பூச்சிகளின் உடலிலும் செந்நிறம் பளிச்சிடும். மார்மனின் உடல் கறுப்பு. இறக்கையை மட்டும் நோக்கிக் கணக்கெடுத்தால் எண்ணிக்கை பிழைபடும். இப்பிழை சிறிதன்று. அசலைவிடப் போலி மிகுந்தால், கறுப்பும் சிவப்புமான பூச்சி உண்ணத்தக்கதென்றே பறவைகள் கற்றுக்கொள்ளும். அப்பொழுது அசல், போலி ஆகிய இரண்டிற்குமே காப்புக் குறையும். எனவே வேலியோரத்து ஈசுவரமூலியைக் களையென்று அறவே பிடுங்கிவிட்டால், அக்கொடியைத் தீண்டாத மார்மனும் கேட்டிற்கு உள்ளாகும்.

மனிதரின் பின்பற்றுதல் இதனின்றும் வேறுபட்டது. அது பிறரைப் பார்த்துக் கற்பது. விக்டோரியா ஹார்னர், ஆண்ட்ரூ வைட்டன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பெட்டியினுள் இருந்த பொருளை எடுக்கும் முறை சிம்பன்சிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் செய்து காட்டப்பட்டது. அம்முறையில் பயனற்ற செயல்களும் வேண்டுமென்றே சேர்க்கப்பட்டிருந்தன. பெட்டி ஒளி ஊடுருவுவதாக இருந்தபோது சிம்பன்சிகள் பயனற்றவற்றைப் பெரும்பாலும் விட்டுவிட்டன. குழந்தைகளோ அவற்றையும் செய்தனர். காரணம் விளங்காத செயல்களையும் முதலில் அப்படியே பின்பற்றுவதனாலேயே மனிதர் கைத்தொழிலையும் வழக்கங்களையும் எளிதில் கற்கின்றனர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து.

ஆகவே ஆசிரியர் ஒரு செய்முறையைக் காட்டும்போது, எந்தச் செயல் இன்றியமையாதது, அது எதற்காகச் செய்யப்படுகிறது என்பதையும் கூறுதல் வேண்டும். மாணவரை வேலியோரம் அழைத்துச் சென்று, பூச்சிகளைப் பிடிக்காமலே உடல் நிறத்தைக் கொண்டு அசலையும் போலியையும் தனித்தனியே எண்ணச் செய்வது இதற்கு ஏற்ற பயிற்சியாகும்.