‘ஜகாட்’: ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை மலேசியக் கதையான விதம்

மலாய் மொழியில் ‘ஜஹாட்’ என்றால் கெட்ட, பொல்லாத என்று பொருள். மலேசியத் தமிழர் வாயில் அது ‘ஜகாட்’ ஆகிவிட்டது. அடங்காத பிள்ளையைத் திட்டும் அந்தச் சொல்தான் 2015 டிசம்பரில் வெளிவந்த தமிழ்ப் படத்தின் தலைப்பு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய அந்தப் படம், மலேசியப் படம் என்றால் எது என்ற கேள்வியை அடுத்த ஆண்டு நாடு முழுவதும் எழுப்பியது.

கதை 1990களின் தொடக்கத்தில் நடக்கிறது. ரப்பர்த் தோட்டங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிய காலம் அது. வேலை போனபோது லயத்து வீடும் சேர்ந்தே போனது. குடும்பங்கள் பட்டண ஓரத்துப் புறம்போக்கு நிலங்களில் குடியேறின. பினாங்கு வாசகர்களுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. தீவுக்கு எதிரே, பெருநிலத்தில் இருந்த பத்து காவான் தோட்டம் இன்று தொழிற்பேட்டையாக நிற்கிறது.

அப்படியொரு குடியிருப்பில் வளர்பவன் 12 வயது அப்போய். கற்பனை நிறைந்த குறும்புக்காரன். படித்தால்தான் கரையேறலாம் என்று நம்பும் அப்பா மணியம் அடித்துத் திருத்தப் பார்க்கிறார். பள்ளிக்கும் அவன் திறமை கண்ணில் படுவதில்லை. நெருங்கிய உறவினர்களில் ஒருவர் போதையிலிருந்து மீண்டவர். ‘மெக்சிகோ’ என்ற பட்டப்பெயர் கொண்ட மற்றவர் குண்டர் கும்பலில் இருப்பவர். வீட்டிலும் வகுப்பறையிலும் கிடைக்காத மதிப்பு கும்பலில் கிடைக்கும் என்று பையனுக்குத் தோன்றுகிறது.

தமிழ் இளைஞர் என்றாலே குண்டர் கும்பல் என்ற எண்ணத்தை இது வலுப்படுத்தாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், படம் கத்தியையும் சண்டையையும் கொண்டாடவில்லை. ஒரு பிள்ளை அங்கே போய்ச் சேரும் வழியை வீடு, பள்ளி, வறுமை என்று படிப்படியாகக் காட்டுகிறது. குற்றவாளியைக் காட்டுவது வேறு. குற்றத்தின் வேரைக் காட்டுவது வேறு. மலாய்ச் சொற்கள் கலந்த உள்ளூர்த் தமிழே படம் முழுக்க ஒலிப்பதால், இது சென்னையிலிருந்து வந்த கதை அல்ல என்பதும் தெளிவாகிறது.

அந்தத் தமிழே 2016இல் விவாதப் பொருளானது. 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் ‘ஜகாட்’, 1980ஆம் ஆண்டின் தேசியக் காற்பந்து அணியை வைத்து எடுக்கப்பட்ட ‘ஓலா போலா’ ஆகியவை சிறந்த படத்துக்கான முதன்மைப் பிரிவில் இடம்பெறவில்லை. தேசிய மொழி அல்லாத படங்களுக்கான தனிப்பிரிவில் வைக்கப்பட்டன. எதிர்ப்பு கிளம்பியது. ஒளிப்பதிவாளர் முகமது நூர் காசிம் தாம் முன்பு பெற்ற விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார். நடிகர் அஃப்ட்லின் சௌக்கி விழாவைப் புறக்கணிப்பதாக அறிவித்தார். ஆதரவை மீட்டுக்கொள்வதாக சிஐஎம்பி வங்கி கூறியது.

அதன் பிறகு விதி மாறியது. எந்த மொழிப் படமும் போட்டியிடக்கூடிய ‘சிறந்த மலேசியத் திரைப்படம்’ என்ற பிரிவு உருவானது. அந்த விருதை ‘ஜகாட்’ வென்றது. தேசிய மொழிப் படத்துக்கும் தனி விருது தொடர்ந்தது. தமிழர்களுக்காக முதலில் குரல் கொடுத்தவர்களில் மலாய்க் கலைஞர்களும் இருந்தார்கள் என்பது மறக்கக்கூடாத செய்தி.

மறு ஆண்டே பினாங்குக்கும் அப்படியொரு படம் கிடைத்தது. சா தியோங் ஹின் தம் குடும்பத்து நினைவுகளை வைத்து எடுத்த ‘யூ மீன் த வேர்ல்ட் டு மீ’, முழுக்கப் பினாங்கு ஹொக்கியன் பேச்சில் அமைந்தது. மாண்டரினில் எடுத்திருந்தால் சந்தை பெரிதாக இருந்திருக்கும். ஆனால், அந்த வீட்டு அம்மா பேசும் மொழி அதுவல்ல.

பிரதிநிதித்துவம் என்றால், எல்லா இனத்தவரையும் ஒரே சட்டத்தில் நிற்கவைத்துப் படம் பிடிப்பது மட்டுமல்ல. ஒரு வீட்டின் கதையை அந்த வீட்டு மொழியிலேயே சொல்லி, அதை நாட்டின் கதையாக ஏற்கச் செய்வதும்தான். துறைமுகத் தொழிலாளர், செட்டியார் கிட்டங்கி, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் சுற்றுவட்டாரம், செபராங் பிறை தோட்டங்கள் என்று பினாங்குத் தமிழரிடம் பால்யகால நினைவுகள் ஏராளம். அவற்றைத் தெரிந்த தாத்தா பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்தால், அடுத்த அப்போயின் கதை இந்தத் தீவிலிருந்தே வரலாம்.