அனுதாப அலைக்குத் தேதி உண்டு, தெரியுமா?

கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்தபடியே சட்டமன்ற உறுப்பினரானவர் யார் தெரியுமா? எம்.ஜி.ஆர்.! 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா அவரைச் சுட்டார். அடுத்த மாதம் தேர்தல். கட்டுப் போட்ட கழுத்தோடு அவர் இருக்கும் படம் போஸ்டராகி ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பரங்கிமலையில் அவர் ஜெயித்தார், தி.மு.க. முதன்முறையாக ஆட்சியைப் பிடித்தது. அந்த ஒரு படம்தான் ஆட்சியை மாற்றியது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அரிசித் தட்டுப்பாடும் 1965-ன் இந்தி எதிர்ப்புப் போராட்டமும் ஏற்கெனவே ஜனங்களைக் கொதிக்க வைத்திருந்தன. அதே தேர்தலில் காமராஜரே சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார் என்றால் பாருங்களேன்! வித்தியாசம் வெறும் 1,285 ஓட்டு.

1984-ல் இன்னும் ஆச்சரியம். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில், புரூக்ளின் ஆஸ்பத்திரியில். ஓட்டுப் பதிவோ இங்கே. அவர் உயிரோடு இருக்கிறாரா என்றே வதந்தி கிளம்பியபோது, ஆஸ்பத்திரியில் எடுத்த வீடியோ ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஆண்டிபட்டிக்கு வராமலேயே ஆண்டிபட்டியில் ஜெயித்தார்!

சரி, அனுதாபத்தை அளக்க முடியுமா? கிட்டத்தட்ட அளந்து காட்டிய தேர்தல் ஒன்று உண்டு. 1991 மே 20 அன்று முதல் கட்ட ஓட்டுப் பதிவு. மறுநாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மிச்சத் தொகுதிகளுக்கு ஜூனில்தான் பதிவு. ஒரே தேர்தல், ஒரே கட்சி. ஆனால் மே மாதம் ஓட்டுப் போட்ட இடங்களைவிட ஜூனில் போட்ட இடங்களில் காங்கிரஸ் கண்கூடாக மேலே போனது. ஜூனில் ஓட்டுப் போட்ட தமிழ்நாட்டிலோ சுனாமியே அடித்தது. 234-ல் 225 அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிக்கு, தி.மு.க.வுக்கு இரண்டே இரண்டு!

அப்படியானால் துக்கம் எப்போதும் ஓட்டாகுமா? ஆகாது! எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு, 1989-ல், அதே ஆண்டிபட்டியில் அவர் மனைவி ஜானகி அம்மாள் நின்றார், தோற்றார். எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. இரண்டாக உடைந்து, அதன் இரட்டை இலைச் சின்னமும் முடங்கிக் கிடந்தது. யாருக்காக அழுவது என்பதே ஜனங்களுக்குக் குழப்பம். என்னைக் கேட்டால், அனுதாபத்துக்கும் சின்னம் வேண்டும்.

1991-ல் 164 இடம் பிடித்த அ.தி.மு.க. 1996-ல் எத்தனை பிடித்தது தெரியுமா? நான்கு! ஐந்தே வருஷத்தில் அனுதாபம் போன இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. முதலமைச்சர் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார்.

ஆத்திரம் ஓட்டாக மட்டும் வரவில்லை. அதே 1996-ல், மொடக்குறிச்சியில், தங்கள் கோரிக்கைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று கோபப்பட்ட விவசாயிகள் தாங்களே வேட்பாளர்களாக இறங்கினார்கள். மொத்தம் 1,033 பேர்! ஓட்டுச் சீட்டைப் புத்தகமாகவே அச்சடிக்க வேண்டியதாயிற்று. இப்படி வேட்பாளர்கள் குவிவதைத் தடுக்க அந்த வருஷமே சட்டம் திருத்தப்பட்டது. சட்டமன்றத்துக்குப் பொது வேட்பாளர் கட்ட வேண்டிய டெபாசிட் 250 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 5,000 ரூபாயானது.