மோட்டார் வண்டியின் ஒலிக்கருவியில் எழும் வேண்டா இரைச்சல்

மகா சிவராத்திரி நாளில் திருக்கேதீச்சரத்தை நோக்கிச் செல்லும் வான்களிலும் கார்களிலும் பக்திப் பாடல்கள் ஒலித்தவண்ணமிருக்கும். இயந்திரம் நின்றிருக்குங்கால் தெளிவாகக் கேட்ட பாடல், அது இயங்கத் தொடங்கியதும் ஒரு மெல்லிய ஊளையோடு கலந்துவிடுதல் உண்டு. வேகம் கூடக் கூட ஊளையின் சுருதியும் ஏறும். உடனே ஒலிபெருக்கியையோ ‘செற்’றையோ மாற்றுவதே பலர் கைக்கொள்ளும் வழி. பணம் கழிகின்றதேயன்றி இரைச்சல் கழிவதில்லை; குற்றம் மாற்றிய பொருளில் இல்லாமையே காரணம். இரைச்சல் எங்கே பிறந்தது, எவ்வழியே நுழைந்தது என்னும் இரண்டையும் முதலில் அறிதல் வேண்டும். உப்புக்காற்று வீசும் மன்னார்த் தீவிலும் எதிர்க்கரையிலும் அவ்வழியைத் தேடுவோர் முதற்கண் ஐயுறத்தக்கது, வண்டியின் உடலோடு கம்பியைப் பிணைக்கும் துருவேறிய திருகாணியேயாம்.

இரைச்சலின் இயல்பே அதன் பிறப்பிடத்தைப் பெரிதும் உணர்த்தும். இயந்திர வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் ஊளை மின் பிறப்பாக்கியிலிருந்து வருவது. வேகத்துக்கேற்ப விரையும் ‘டக், டக்’ என்னும் ஒலி பெற்றோல் இயந்திரத்தின் தீப்பொறியால் எழுவது. இயந்திரம் நின்றபோதும் மாறாது கேட்கும் சீறல், ஒலியைப் பெருக்கும் விரியலாக்கியின் அளவு மிகையாகத் திருப்பப்பட்டிருத்தலைக் காட்டும். மேடு பள்ளங்களில் மாத்திரம் எழும் கரகரப்புத் தளர்ந்த இணைப்பின் அறிகுறியாகும்.

தீப்பொறி எவ்வாறு வானொலியைக் கெடுக்கின்றது? 1880களின் பிற்பகுதியில் ஜேர்மானிய அறிஞர் ஹைன்றிக் ஹேர்ட்ஸ் மின்பொறியைக் கொண்டே வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டினார். ஆகவே பொறி தோன்றும் ஒவ்வோர் இயந்திரமும் ஒரு சிறு ஒலிபரப்பு நிலையமே. 1930 இல் அமெரிக்காவிலே போல் கல்வின் என்பாரது நிறுவனம் மோட்டார் வண்டிக்கென ‘மோட்டரோலா’ என்னும் வானொலியைச் செய்தபோது, இப்பொறியின் இரைச்சலை அடக்குதல் பெருந்தடையாய் நின்றது. இன்று தடை பொருந்திய பொறிச் செருகிகளும் கம்பிகளும் அதனைப் பெரிதும் அடக்கிவிடுகின்றன. ஊளையோ இன்னும் அடங்கவில்லை.

ஊளைக்குக் காரணமான பிறப்பாக்கியை வேலைத்தலத்தார் ‘ஓல்டனேற்றர்’ என்பர். அது மூன்று கட்டங்களில் ஆடலோட்டத்தைப் பிறப்பிக்கும். ஆறு இருவாயிகள் அவ்வோட்டத்தை ஒருதிசைப்படுத்தும். எனினும் அது முற்றும் சமமாவதில்லை, சிற்றலைகள் எஞ்சும். ஆறு சோடி முனைவுகள் உள்ள பிறப்பாக்கி ஒரு முறை சுழல்கையில் 36 சிற்றலைகள் தோன்றும். இயந்திரம் நிமிடத்துக்கு 800 முறை சுழல, பிறப்பாக்கி அதன் இரண்டரை மடங்கு வேகத்தில் சுழலுமாயின், செக்கனுக்கு 1200 சிற்றலைகள் எழும். இயந்திர வேகம் 2000 ஆகும்போது அவை 3000 ஆகும். இரண்டும் செவிக்கு நன்கு எட்டுவன. ஊளையின் சுருதி ஏறுவதன் மறை இதுவே.

இனி அது நுழையும் வழியைக் காண்போம். பற்றரியின் மறைமுனை வண்டியின் இரும்புடலோடு பிணைக்கப்பட்டிருக்கும். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதை அவ்வுடலே. ‘செற்’ முன்பலகையிலும் விரியலாக்கி பின்புறத்திலும் இருந்து, தத்தம் இடத்தில் உடலோடு இணைவன. இவ்விரு புவித்தொடுப்புகளும் ஒரே மின்னழுத்தத்தில் இருத்தல் வேண்டும். ஓர் இணைப்பில் துருவினால் 0.05 ஓம் தடை ஏற்பட்டு, அதனூடாக 10 அம்பியர் ஓடுமாயின், அங்கே 0.5 வோல்ற்று வேறுபாடு தோன்றும். அதில் நூற்றிலொரு பங்கே சிற்றலையாயினும், அந்த 0.005 வோல்ற்று இரு கருவிகளையும் இணைக்கும் சைகை வடத்தின் வெளியுறை வழியே பாட்டோடு கலக்கும். விரியலாக்கிக்குப் பாட்டும் ஊளையும் ஒன்றே. இரண்டையும் அது பெருக்கிவிடும்.

மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 இல் திறக்கப்பட்ட தம்பபவனிக் காற்றாலைகள் இங்குள்ள காற்றின் வலிமைக்குச் சான்று. அக்காற்றுக் கடலின் உப்புத் துளிகளையும் சுமந்து வருகின்றது. உப்பு ஈரத்தை ஈர்க்கும். ஈர உப்பினிடையே செம்பும் இரும்பும் தொட்டிருப்பின் அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகி, இரும்பு அரிக்கப்படும். பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் கடலருகே நிறுத்தப்படும் வண்டிகளுக்கு இக்கேடு விரைவில் வரும். வெளியே வண்ணப்பூச்சு நன்றாயிருப்பதால் உள்ளிருக்கும் துரு கண்ணுக்குப் புலப்படாது.

சோதனையை ஒழுங்காகச் செய்தல் வேண்டும். முதலிற் கைபேசி மின்னேற்றியைக் கழற்றிவிட்டுக் கேட்க. மலிவான மின்னேற்றிகளும் இரைச்சல் தருவன. பின்னர் விரியலாக்கியை நிறுத்தி, அதிற் செருகிய சைகை வடங்களைக் கழற்றி, மீண்டும் இயக்குக. இரைச்சல் தொடருமாயின் குற்றம் விரியலாக்கியிலோ அதன் மின்கம்பிகளிலோ உளது. நின்றுவிடின், வடத்திலோ ‘செற்’றிலோ இரு புவித்தொடுப்புகளின் வேறுபாட்டிலோ உளது. அடுத்து, இயந்திரம் இயங்க, பாட்டு உரக்க ஒலிக்கையில், பற்றரியின் மறைமுனைக்கும் விரியலாக்கியின் புவித்தொடுப்புக்கும் இடையே பல்மானியால் அளக்க. அளவு 0.1 வோல்ற்றை மிஞ்சினால் அவ்வழியைச் செப்பஞ் செய்தல் வேண்டும்.

செப்பஞ் செய்யுமுன் இயந்திரத்தை நிறுத்திப் பற்றரியின் மறைமுனையைக் கழற்றுக. வண்ணத்தையும் துருவையும் உரைதாளால் தேய்த்து, உலோகம் பளிச்சிட்டபின் கம்பியை இறுக்கிப் பூட்டி, உப்பு அணுகாதவாறு மேலே கிறீஸ் பூசுக. ஆசனப் பட்டியின் ஆணியைப் புவித்தொடுப்புக்குப் பயன்படுத்தலாகாது, அஃது உயிர்காப்பது. மின்கம்பியும் சைகை வடமும் வண்டியின் இருவேறு பக்கங்களாற் செல்லுதல் நன்று. இரைச்சல் வடிகட்டி இறுதி மருந்தேயன்றி முதல் மருந்தன்று. இயந்திரம் இயங்குகையில் பற்றரியைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வழக்கத்தை அறவே விடுதல் வேண்டும். அப்போது எழும் மிகையழுத்தம் வண்டியின் மின்னணுக் கருவிகளை அழிக்கவல்லது.

இவ்வூளை செவிக்கு மாத்திரம் உரிய தொல்லையன்று. இயந்திரத்தையும் உடலையும் இணைக்கும் பட்டியில் துரு ஏறியிருப்பினும் ஊளை எழலாம். இயந்திரத்தைக் கிளப்பும்போது நூறு அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் அப்பட்டி வழியே செல்லவேண்டியிருத்தலின், பட்டி பழுதாயின் வண்டி கிளம்பாது. மெல்லிய கம்பிகள் சூடேறுதலும் கூடும். மன்னாரிலிருந்து பூநகரிக்குச் செல்லும் நெடு வீதியில் இரவில் நின்றுபோகும் வண்டி, பலநாள் முன்னரே ஊளையால் தன் நோயை உரைத்திருக்கலாம். அதனைக் கேட்டும் பாட்டை உரக்க வைத்து மறைப்போர், எச்சரிக்கையையே மறைத்தவராவர்.