ஆன்லைன் சூதாட்டத்தில் சீட்டைக் கலைப்பது யார்?



நெல் போட்ட பணம் கணக்கில் ஏறும் நாட்களில் நம் குழுக் கூட்டங்களில் இந்தப் பேச்சு வருகிறது. "எங்க வீட்டுக்காரரு போன்ல சீட்டு ஆடுறாரு. ஐநூறு போட்டு ஆயிரத்து இருநூறு எடுத்தாராம். நியாயமாத்தான் நடத்துறாங்கன்னு சொல்றாரு." உண்மையிலேயே நியாயமாகத்தான் நடத்துகிறார்களா?

நம் குழுவில் பணத்தை எல்லோர் முன்னாலும் எண்ணுகிறோம். ரொக்கப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறோம். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகூட "போன வாரம் அம்பது கொடுத்தேனே, எங்க எழுதியிருக்க, காட்டு" என்று கேட்கலாம். மரத்தடியில் சீட்டாடுகிறவர்கள்கூட கலைக்கிறவன் கையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். போனில் கலைக்கிற கை கிடையாது. எந்தச் சீட்டு யாருக்கு என்பதை ஒரு கம்ப்யூட்டர் நிரல் முடிவு செய்கிறது. அதை எழுதியவரும் வைத்திருப்பவரும் ஆட்டத்தை நடத்துகிறவர்தான். எதிரில் "ராஜா" என்று பெயர் தெரிந்தால் அது மனிதரா, அதுவும் நிரல்தானா என்று ஆடுகிறவருக்குத் தெரியாது.

இது வெறும் சந்தேகம் இல்லை. வின்சோ என்ற ஆட்ட நிறுவனத்தைத் தொடங்கிய இருவரை 2025 நவம்பரில் அமலாக்கத்துறை கைது செய்தது. மனிதரோடு ஆடுவதாக நினைத்தவர்களை, அவர்களுக்குச் சொல்லாமலே கம்ப்யூட்டர் நிரலோடு ஆடவிட்டார்கள் என்பது துறையின் குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுதான், தீர்ப்பு இல்லை. ஆனால் ஆடியவர் யாரும் வீட்டில் உட்கார்ந்தபடி இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது.

சரி, நேர்மையாகவே நடத்தினால்?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஆறு பேர், ஆளுக்கு 1,000 ரூபாய். மொத்தம் 6,000. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆளுக்கு 100 கட்டினால் 600 சேரும். நடத்துகிறவர் நூற்றுக்குப் பத்து கமிஷன் என்று வைத்துக்கொண்டால், 60 ரூபாயை அவர் எடுத்துக்கொண்டு 540-ஐ ஜெயித்தவருக்குக் கொடுப்பார். யார் ஜெயித்தாலும் அந்த 60 போய்விடும். 50 ஆட்டம் முடிந்தால் 3,000 ரூபாய், அதாவது பாதிப் பணம், நடத்துகிறவர் பையில். போனில் ஒரு ராத்திரியில் 50 ஆட்டம் பெரிய விஷயமே இல்லை. அவர் யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவைகூட இல்லை, பாருங்கள்!

கேசினோவில் சுழலும் ரூலெட் சக்கரமும் இப்படித்தான். 0 முதல் 36 வரை 37 எண்கள். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு ரூபாய் வைத்தால் 37 ரூபாய் செலவு. எந்த எண் வந்தாலும் திரும்பக் கிடைப்பது 36. பிரிட்டனில் உரிமம் வாங்கித்தான் ஆன்லைன் கேசினோ நடத்த முடியும், நிரலையும் தனியாகச் சோதிக்கிறார்கள். அங்கேயும் அந்த ஒரு ரூபாய் முதலாளிக்குத்தான். சோதனை செய்தால் திருட்டு இல்லை என்று தெரியும். நஷ்டம் இல்லை என்று ஆகாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ல் லாட்டரிச் சீட்டு ஒழிந்தது நமக்கு நினைவிருக்கும். ஆன்லைன் சூதாட்டத்துக்கு அவ்வளவு எளிதாக முடிவு வரவில்லை. தமிழக அரசின் முதல் தடைச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு நீதிபதி சந்துரு குழு அமைந்து, 2023 ஏப்ரலில் புதுச் சட்டம் வந்தது. அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடையை நீதிமன்றம் ஏற்றது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம் என்று அவற்றை மட்டும் 2023 நவம்பரில் விலக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் ஆட்டத்தையும் தடை செய்கிறது. நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். இந்தச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அதனால் பணம் இழந்தவர் போலீசில் சொல்லப் பயப்பட வேண்டாம்.

பெரிய ரம்மி நிறுவனங்கள் அப்போதே பணம் கட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டன. இப்போது வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "லிங்க்" அனுப்பிக் கூப்பிடுகிறவர்கள் சட்டத்துக்கு ஒளிந்து நடத்துகிறவர்கள். ஆபீஸ் எங்கே என்று தெரியாது. பணம் யாரோ ஒருவர் கணக்குக்குப் போகும். முதலில் சின்னத் தொகை ஜெயிக்க விடுவார்கள். பெரிய தொகையைத் திரையில் காட்டி, "எடுக்கணும்னா முதல்ல வரி கட்டு" என்பார்கள். அந்த வரியைக் கட்டினால் அதுவும் போச்சு.

உள்கடன் வாங்கியவர் திடீரென்று தவணை தவறினால் கூட்டத்தில் வைத்துத் திட்டாமல், ஊக்குநர் தனியாகக் கூப்பிட்டு விசாரியுங்கள். வீட்டில் யார் போனில் என்ன நடக்கிறது என்பதை அந்தப் பெண்ணால் எல்லார் முன்னாலும் சொல்ல முடியாது. உங்கள் பாஸ்புத்தகக் கணக்கோடு சேர்ந்த போன் யார் கையில் இருக்கிறது, ரகசிய எண் யாருக்குத் தெரியும் என்றும் பாருங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வழி உண்டு. பணம் அனுப்பிய குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள், புகாருக்கு அந்த எண் வேண்டும்.