தாதிமை மாணவரும் தேர்வு முறையும்

பள்ளித் தேர்வுகளில் முதன்மை பெற்ற மாணவர் சிலர், தாதிமைக் கல்வியில் சேர்ந்ததும் தேர்வில் இடறுகின்றனர். அவர் சோம்பியிருந்தவர் அல்லர். இரவு கண்விழித்துப் படித்தவரே. படித்த முறைக்கும் கேட்கப்படும் வினாவுக்கும் பொருத்தமின்மையே இதற்குப் பெருங்காரணம்.

வினாவின் தன்மையை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். ஒரே வேளையில் நோயாளிகள் நால்வர். ஒருவர் அறுவை முடிந்து வலியால் அரற்றுகிறார். ஒருவர் வீடு திரும்புமுன் அறிவுரை கேட்கக் காத்திருக்கிறார். இன்னொருவர்க்கு நேற்று முதல் இலேசான காய்ச்சல். நான்காமவர் இன்சுலின் ஊசி பெற்ற நீரிழிவு நோயாளி. உடல் வியர்த்துப் பேச்சுத் தடுமாறுகிறார். தாதி முதலில் யாரிடம் செல்லவேண்டும்? மனம் அரற்றுபவரிடம் ஓடும். ஆயினும் நான்காமவர் என்பதே விடை. குருதியில் சர்க்கரை மிகத் தாழ்ந்தால் வியர்வையும் குழப்பமும் தோன்றும். காலந்தாழ்த்தின் வலிப்பும் நினைவிழப்பும் நேரக்கூடும். இவ்வறிகுறிகளைத் தடையின்றி ஒப்புவிக்கும் மாணவரும் நால்வர்க்கிடையே அவற்றை அடையாளம் காணாது தவறுவதுண்டு. தேர்வில் தவறினால் போவது மதிப்பெண். நோயாளியின் பக்கத்தில் தவறினால் போவது வேறு.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் தாதியர் உரிமம் பெற எழுதும் ‘என்கிளெக்ஸ்’ தேர்வு இத்தகைய வினாக்களுக்குப் பெயர் பெற்றது. 1994 முதல் அது கணினிவழி நடைபெறுகிறது. விடை சரியாயின் அடுத்த வினா கடினமாகும், பிழையாயின் எளிதாகும். ஆதலின் தேறுவோரும் ஏறத்தாழப் பாதி வினாக்களில் தவறுதல் இயல்பு. வகுப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிப் பழகியவர்க்கு இது பெருங்கலக்கம் தரும். முன்னரே எடுத்துரைத்தல் ஆசிரியர் கடன். 2023 ஏப்ரலில் தேர்வு மாற்றியமைக்கப்பட்டது. குறைந்தது 85, மிகுந்தால் 150 வினாக்கள். காலம் ஐந்து மணி நேரம். நோயாளியின் குறிப்பேட்டைக் காட்டி, கவலைக்குரியது எது, அடுத்துச் செய்யத்தக்கது யாது எனத் தொடர்ந்து வினவும் பகுதிகளும் அப்போது சேர்ந்தன.

இனிப் படிக்கும் முறை. பாடத்தை மீண்டும் மீண்டும் வாசித்தலே பெரும்பாலோர் வழக்கம். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தனர். மற்றொரு சாரார் ஒருமுறை வாசித்து, மூன்று முறை பாராமல் எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழித்தோ, வாசித்தவர்க்கு நினைவில் நின்றது ஏறத்தாழ 40 விழுக்காடு, எழுதியவர்க்கு 61. இதில் குறிக்கத்தக்கது, நன்கு நினைவிருக்கும் என்று மிகுதியும் நம்பியவர் நான்கு முறை வாசித்தவரே. (ஏட்டை மூடிச் சட்டாம்பிள்ளை முன் ஒப்புவித்த திண்ணைப் பள்ளி மாணாக்கர்க்கு இது புதுமையன்று. அங்குக் குறைந்தது பொருளுணர்ச்சியே.)

எனவே தாதிமை மாணவர் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதி, பின் திறந்து ஒப்பிடல் வேண்டும். எழுதுவதும் பட்டியலாக இராமல், காரணத்தோடு இருத்தல் நன்று. ‘டிகாக்சின்’ கொடுக்குமுன் நெஞ்சில் ஒரு முழு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுக என்பது விதி. அம்மருந்து இதயத்துடிப்பைத் தாழ்த்தும் என்று அறிந்தவர்க்கு, 60-க்குக் கீழ் இருந்தால் நிறுத்திவைத்து மருத்துவருக்குத் தெரிவிப்பது ஏன் என்பது தானே விளங்கும்.

முதலில் தோன்றிய விடையை மாற்றாதே என்னும் அறிவுரை ஆராயத்தக்கது. இல்லினாய்ப் பல்கலைக்கழக மாணவர் 1,500 பேருக்கு மேற்பட்டோரின் விடைத்தாள்களை ஆய்ந்து 2005-இல் வெளியான கட்டுரையின்படி, அழித்து மாற்றிய விடைகளுள் பாதி, தவற்றைச் சரியாக்கின. கால்பகுதியே சரியைத் தவறாக்கின. என்கிளெக்ஸ் தேர்விலோ கடந்த வினாவுக்குத் திரும்ப இயலாது. மாற்றுவதாயின் அடுத்த வினாவுக்குச் செல்லுமுன்னரே மாற்றவேண்டும்.

பயிற்சித் தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை அறிவித்துத் தாளைக் கட்டிவைப்பதால் பயன் சிறிதே. ஒவ்வொரு பிழையும் பொருள் அறியாமையால் நேர்ந்ததா, ‘முதலில்’, ‘தவிர’ போன்ற சொல்லைக் கவனியாமையால் நேர்ந்ததா, அறிந்தும் முறைப்படுத்த இயலாமையால் நேர்ந்ததா என்று மாணவரே ஓரத்தில் குறிக்கட்டும். முதல் வகைக்குப் புத்தகம் போதும். மூன்றாம் வகைக்கு, விலக்கப்பட்ட மற்ற மூன்று விடைகளும் ஏன் பொருந்தா என்பதை ஆசிரியர் எதிரே அமர்ந்து சொல்லச்செய்தல் வேண்டும்.