‘ஏ’ வரிசையோடு நின்றுபோகும் படிப்பு

அமெரிக்க மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வுக்குப் படித்தவர்களிடம் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். ஆங்கிலத்தில் ‘ஏ’யில் தொடங்கும் கடினச் சொற்கள் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அபேஸ், அபேட், அபெட், அபேயன்ஸ் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ‘சி’ வரிசையில் குரல் இறங்கும். ‘எம்’ வரிசையை எட்டிப் பார்த்தவர்கள் சொற்பம். பாரன்ஸ் வழிகாட்டி நூலில் இருந்த 3,500 சொற்களின் பட்டியல் அகரவரிசையில் அமைந்தது. நடுவில் விட்டுப்போனவர்கள் நல்ல நாள் பார்த்து மறுபடி எடுக்கும்போது முதல் பக்கத்திலிருந்தே எடுப்பார்கள். அதனால் ‘ஏ’ மட்டும் நாலு முறை மெருகேறும்.

அந்தத் தேர்வே 2011 ஆகஸ்டில் உருமாறிவிட்டது. ஒரு சொல்லைக் கொடுத்து எதிர்ச்சொல் கேட்பதும், இரண்டு சொற்களின் உறவை வேறு இரண்டோடு பொருத்தச் சொல்வதும் நீக்கப்பட்டன. இப்போது வாக்கியத்தில் ஒரு வெற்றிடம் விட்டு, ஆறு சொற்களைக் கொடுத்து, வாக்கியத்துக்கு ஒரே பொருளைத் தரும் இரண்டைப் பொறுக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு ஒப்புமை வினாக்களை 2005-லும், வாக்கியத்தை நிரப்பும் வினாக்களை 2016-லும் கைவிட்டது. பட்டியல்கள் மட்டும் ஓய்வு பெறவில்லை. தாளிலிருந்து இறங்கிச் செல்போனில் குடியேறிவிட்டன.

உயர்நிலை ஆங்கிலச் சொற்களைக் கற்க விரும்பும் மாணவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை சொல் என்பதல்ல. எந்தச் சொல் என்பது. இதற்கு விடை தேடும் வேலை நூறு ஆண்டுகளாக நடக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம் துணைக்கண்டத்தில்தான், டாக்காவில் எழுதப்பட்டது.

அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். இந்தியக் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். வங்காளப் பிள்ளைகள் பல ஆண்டுகள் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைத் தாமாக எடுத்துப் படிக்க முடியவில்லை என்பதை அவர் பார்த்தார். பிள்ளைகள் மந்தமில்லை, பாடநூல்தான் கோளாறு என்பது அவர் முடிவு. பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள் வந்து விழுந்தன. அவற்றில் பல, இலக்கியத்துக்கு வெளியே யாரும் பேசாத பழஞ்சொற்கள். வெஸ்ட் அரிய சொல்லை எடுத்துவிட்டுப் புழக்கத்தில் உள்ளதைப் போட்டார். புதுச் சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்து, வந்த சொல் மறுபடி மறுபடி வருமாறு கதைகளைத் திருத்தி எழுதினார். 1926-ல் இருமொழிக் கல்வி பற்றி வெளியான அவருடைய அறிக்கை இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே.

எந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எண்ணித்தான் பார்க்க வேண்டும். கணினி இல்லாத காலத்தில் அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் அதைச் செய்தார். 1921-ல் 10,000 சொற்களை, அவை எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பரவலாக வருகின்றன என்ற கணக்கோடு வெளியிட்டார். வெஸ்ட் 1935-ல் கொண்டுவந்த அகராதி அதைவிடச் சுவையானது. சுமார் 24,000 பதிவுகளுக்கும் விளக்கம் எழுத அவர் பயன்படுத்தியது வெறும் 1,490 சொற்கள். அகராதியில் பொருள் பார்க்கப்போய், அந்தப் பொருளுக்குப் பொருள் தேடும் அவதி அதில் இல்லை. 1953-ல் அவர் தொகுத்த பொதுப் பயன்பாட்டுச் சொல் பட்டியலில் சுமார் 2,000 சொற்கள் இருந்தன. பின்னால் வந்த கற்போர் அகராதிகள் பலவும் இந்த வழியில் வந்தவையே. 1978-ல் லாங்மன் நிறுவனம் வெளியிட்ட அகராதியும் சுமார் 2,000 சொற்களுக்குள் விளக்கம் எழுதும் கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டது.

இந்த 2,000 சொற்கள் அடித்தளம். இதற்கு மேலே ஏறும்போதுதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். அடித்தளத்திலிருந்து நேராக மொட்டைமாடிக்குத் தாவப் பார்க்கிறார்கள். நடுமாடி ஒன்று இருப்பது கண்ணில் படுவதில்லை.

அந்த நடுமாடியை அளந்தவர் நியூசிலாந்தின் வெலிங்டனில் ஆய்வு செய்த ஆவ்ரில் காக்ஸ்ஹெட். கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய நான்கு புலங்களிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்கள் கொண்ட கல்விசார் எழுத்துகளைத் திரட்டினார். வெஸ்டின் 2,000-ஐக் கழித்துவிட்டு, நான்கு புலங்களிலும் பொதுவாக அடிக்கடி வருபவை எவை என்று சலித்தார். 2000-ஆம் ஆண்டு வெளியான அந்தப் பட்டியலில் 570 சொற்குடும்பங்கள். அனலைஸ், அனாலிசிஸ், அனலிட்டிகல், அனலிஸ்ட் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். ஹைபாதெசிஸ், இம்ப்ளிமெண்ட், சப்ஸ்டிடியூட், ஆம்பிகுவஸ், ஆர்பிட்ரரி, கோஹெரண்ட் போன்றவை இந்த வகை. பார்க்கப் பகட்டில்லாத சொற்கள். ஆனால் பல்கலைக்கழகப் பாடநூலில் பத்துச் சொல்லுக்கு ஒன்று இந்தப் பட்டியலைச் சேர்ந்தது. வெஸ்டின் பட்டியலையும் சேர்த்தால் பக்கத்தில் 86 சதவீதம் கைக்குள் வந்துவிடுகிறது.

அதே 570 குடும்பங்கள் கதை நூல்களில் எவ்வளவு இடம் பிடிக்கின்றன என்றும் காக்ஸ்ஹெட் பார்த்தார். 1.4 சதவீதம்தான். ஆகவே ‘நாவல் படி, ஆங்கிலம் தானாக வரும்’ என்று சொல்லும் மாமாக்கள் சொல்வது பாதி உண்மை. நாவலால் வரும் ஆங்கிலம் வேறு. ஆய்வுக் கட்டுரைக்கும் பொருளாதாரப் பாடத்துக்கும் வேண்டிய ஆங்கிலம் வேறு. பின்னதை விரும்புகிறவர் தலையங்கம், அறிவியல் கட்டுரை, வரலாறு என்று படித்தாக வேண்டும்.

அதோடு ஆசை முடிந்துவிடாது என்பதும் உண்மை. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்கு இது. ஒரு நாளிதழையோ நாவலையோ யார் துணையும் இல்லாமல் படிக்க வேண்டுமானால், அதிலுள்ள சொற்களில் 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தேவை. 98 என்பது மிகையாகத் தோன்றலாம். 300 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தில் 98 சதவீதம் தெரிந்தவருக்கு ஆறு சொல் புரியாது, சமாளித்துவிடுவார். 95 சதவீதம் தெரிந்தவருக்குப் பதினைந்து சொல் புரியாது. மூன்றாவது பக்கத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

சரி, ஆயிரக்கணக்கான சொற்களை மண்டையில் நிறுத்துவது எப்படி? படித்ததையே திரும்பத் திரும்பப் படிப்பதுதான் நம் ஊர் வழக்கம். அது ஏமாற்று வேலை என்று காட்டிய சோதனை ஒன்று உண்டு. ஜெஃப்ரி கார்ப்பிக், ஹென்றி ரோடிகர் என்ற இருவர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னபின், சிலரிடம் அந்தச் சொல்லைத் தொடர்ந்து கேள்வியாகக் கேட்டார்கள். வேறு சிலரிடம் கேட்பதை நிறுத்தி, படிக்க மட்டும் விட்டார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்களுக்குச் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. படிக்க மட்டும் செய்தவர்களுக்கு 36 சதவீதம். இன்னொரு செய்தியும் உண்டு. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது எல்லாக் குழுவினரும் ஏறக்குறைய பாதி என்றே சொல்லியிருந்தார்கள். எந்த வழி பலன் தருகிறது என்பது படிக்கிறவருக்கே தெரியவில்லை! 2008-ல் வெளிவந்தது இந்த ஆய்வு.

மறதிக்கு ஒரு வேகம் இருக்கிறது என்று ஜெர்மானியர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார். பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, மறந்த அளவை நேரம் வைத்துக் கணக்கிட்ட பொறுமைசாலி அவர். முதல் சில மணி நேரத்தில் கொட்டிவிடுவதே அதிகம்; பிறகு மெல்ல மெல்லக் கசிகிறது. இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் செபாஸ்டியன் லைட்னர். அறைகளாகப் பிரித்த ஒரு பெட்டி, அதற்குள் அட்டைகள். அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும். அதை இன்னும் சில நாள் கழித்துப் பார்த்தால் போதும். தவறிய அட்டை முதல் அறைக்கே திரும்பும். 1970-களில் அவர் சொன்ன இந்தப் பெட்டியைப் போலவே, தெரிந்த அட்டையைத் தள்ளிப்போடும் முறையில்தான் 2006-ல் வந்த அங்கி என்ற செயலியும் இயங்குகிறது.

பயிற்சி வகுப்புகள் விரும்பிச் செய்யும் ஒரு காரியம் இதற்கு நேர் எதிரானது. ‘வளவளவென்று பேசுபவன்’ என்று தலைப்பிட்டு லொக்வேஷியஸ், காருலஸ், வர்போஸ், வால்யுபிள் ஆகிய நான்கையும் ஒரே நாளில் ஊட்டுவார்கள். ஒழுங்காகத்தான் தெரியும். ஆனால் பொருள் நெருங்கிய சொற்களை ஒன்றாகக் கற்றால் ஒன்றோடொன்று குழம்பிக் கூடுதல் நேரம் பிடிக்கிறது என்று 1990-களில் டிங்கம், வாரிங் ஆகியோரின் சோதனைகள் காட்டின. ஒன்றை இந்த வாரமும் மற்றதை அடுத்த மாதமும் படிப்பது உத்தமம்.

ஒலியைப் பிடித்துக்கொண்டு ஏறும் வழியும் இருக்கிறது. 1975-ல் அட்கின்சனும் ராவும் ரஷ்யச் சொற்களை வைத்து அதைச் சோதித்தார்கள். புதுச் சொல்போல ஒலிக்கும் தாய்மொழிச் சொல்லைப் பிடித்து, இரண்டையும் ஒரு காட்சியில் கோத்துவிட வேண்டும். மேலே சொன்ன ‘அபேஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இழிவுபடுத்துவது என்று பொருள். தமிழில் ‘அபேஸ்’ பண்ணுவது என்றால் என்னவென்று பேருந்தில் பர்ஸைப் பறிகொடுத்தவருக்குத் தெரியும். அபேஸ் பண்ணியவன் கையும் களவுமாகப் பிடிபட்டு, நடத்துநர் முன்னால் தலைகுனிந்து நிற்பதாக ஒருமுறை கற்பனை செய்துகொண்டால் போதும். எல்லாச் சொல்லுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

வேர்ச்சொல் வழியைப் பற்றி ஒரு வார்த்தை. ரயில் நிலையப் புத்தகக் கடைகளில் இன்றும் கிடைக்கும் நார்மன் லூயிஸின் ‘வேர்ட் பவர் மேட் ஈஸி’ 1949-ல் வந்த நூல். லத்தீன், கிரேக்க வேர்களைக் காட்டிச் சொற்களைக் கொத்தாக அறிமுகப்படுத்துகிறது. அதன் பலம் வேர்களில் மட்டும் இல்லை. சில பக்கங்களுக்கு ஒரு பயிற்சி வைத்து வாசகரை விடாமல் கேள்வி கேட்பதிலும் இருக்கிறது. கேள்விகளைத் தாண்டிக் குதித்துவிட்டுப் படிப்பவருக்கு அது வெறும் சுவாரசியமான புத்தகம்.

பொருள் தெரிந்துவிட்டால் சொல் தெரிந்துவிட்டதாகுமா? தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும், காற்று வீசும். ‘வெயில் பெய்கிறது’ என்று ஒரு வெளிநாட்டவர் சொன்னால் நமக்குப் புரியும், சிரிப்பும் வரும். ஆங்கிலத்துக்கும் இப்படிச் சேர்க்கைகள் உண்டு. ‘எக்ஸாசர்பேட்’ என்றால் அதிகமாக்குவது என்று பட்டியலில் படித்தவர், மகிழ்ச்சியை எக்ஸாசர்பேட் செய்தது என்று எழுதிவிடுவார். அது நோய், நெருக்கடி, பதற்றம் போன்ற கெட்டவற்றோடு மட்டுமே சேரும். ‘மிட்டிகேட்’ பாதிப்போடும் ஆபத்தோடும் சேரும், விலையோடு சேராது. புகழ்பெற்றவர் என்று நினைத்துத் தலைமையாசிரியரை ‘நொட்டோரியஸ்’ என்று வரவேற்புரையில் சொன்னால் விழா வேறு திசையில் போய்விடும்.

இந்தச் சேர்க்கைகளைத் திரட்டும் வேலை முனைப்பாக நடந்த இடங்களில் ஒன்று டோக்கியோ. ஹரால்ட் பாமர் 1930-களில் அங்கே அவற்றைத் தொகுத்தார். அவருடைய வழியில் வந்த ஏ.எஸ். ஹார்ன்பியின் அகராதி 1942-ல் ஜப்பானில் வெளியாகி, 1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பானது. நம் வீட்டு அலமாரிகளில் தடிமனாக உட்கார்ந்திருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு கற்போர் அகராதியின் பிறப்பு அதுதான். பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறோம். கீழே இருக்கும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள்தான் அதன் உழைப்பு.

2017 மே மாதம் நாடாளுமன்ற உறுப்பினர் சசி தரூர் ‘ஃபராகோ’ (குழப்பக் கலவை) என்ற சொல்லை ட்விட்டரில் போட்டார். நாடே அகராதியைப் புரட்டியது. அவருக்கு அது முத்திரை, ரசிக்கலாம். விண்ணப்பக் கடிதம் எழுதும் மாணவருக்கு அதே வித்தை பலிக்காது. டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற உளவியலாளர், மேற்படிப்பு விண்ணப்பக் கட்டுரைகளில் எளிய சொற்களை எடுத்துவிட்டு நீளமான சொற்களை நுழைத்து, வாசிப்பவர்களிடம் கொடுத்துப் பார்த்தார். சொல் கனக்கக் கனக்க எழுதியவரின் புத்திசாலித்தனம் குறைவாக மதிப்பிடப்பட்டது. சிரிக்க வைத்துச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசை 2006-ல் இலக்கியப் பிரிவில் வாங்கித்தந்தது இந்த ஆய்வு.

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் எழுத்திலும் பேச்சிலும் மதிப்பெண்ணில் கால் பங்கு சொல்வளத்துக்கு. அங்கும் ஏழாம் நிலைக்கான வரையறை, அரிதான சொற்களைப் பயன்படுத்துவதோடு அவற்றின் சேர்க்கையும் நடையும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது.

தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிரிட்டனுக்குப் போக விரும்பும் செவிலியர்கள் எழுதும் ஓ.இ.டி. தேர்வில் இது இன்னும் கறாராகிறது. எழுத்துத் தேர்வில் நோயாளியின் குறிப்புகளை வைத்து இன்னொரு மருத்துவருக்கோ செவிலியருக்கோ 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுத வேண்டும். ஆஸ்துமா ‘எக்ஸாசர்பேஷன்’, ‘ஹைபர்டென்ஷன்’ என்று அங்கே எழுதுவதுதான் முறை. பேச்சுத் தேர்வில், எதிரே உட்கார்ந்திருப்பவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். இப்படி ஒவ்வொரு உரையாடலும் சுமார் ஐந்து நிமிடம். அங்கே அதே செவிலியர் ‘எக்ஸாசர்பேஷன்’ என்று சொல்லிவிட்டு விளக்காமல் நகர்ந்தால் மதிப்பெண் குறையும். மூச்சுத் திணறல் கூடியிருக்கிறது, ரத்த அழுத்தம் அதிகமாக இருக்கிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னது புரிந்ததா என்று கேட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். அதுவும் மதிப்பெண்ணில் சேரும்.